டியூப் பெய்ட்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேணும்

சிம்கோக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோவிலிருந்து எழுதுறன். எங்கட ஊர்ச் சங்கத்தில் இந்தக் கோடைக்குச் சிம்கோ ஏரியில் தூண்டில் பழக்கப் போறம். வாறவையில் பாதிப் பேர் அறுபது தாண்டின ஆக்கள். கடையில் ஆங்கிலப் பெட்டியைப் பாத்து வாங்கிறது அவைக்குக் கஷ்டம். அதால தமிழில் ஒரு சின்னக் கையேடு அடிக்கிறம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. முள், தக்கை, தங்கூசி எல்லாத்துக்கும் சொல் இருக்கு. டியூப் பெய்ட்டில் நிக்குது.

சாமான் இதுதான்: மெத்தென்ற பிளாஸ்டிக்கில் செய்த, உள்ளுக்கு வெறுமையான உருளை. மூன்று, நாலு அங்குலம். ஒரு முனை மூடியிருக்கும், மற்ற முனை திறந்து இழை இழையாகத் தொங்கும். தலையில் ஈயம் வைத்த முள்ளை உள்ளே செருகி, அதின்ர கண்ணை மட்டும் பிளாஸ்டிக்கைக் குத்தி வெளியே எடுத்துத் தங்கூசியைக் கட்டுவம். தண்ணிக்குள் விட்டால் நேரே விழாமல் சுழன்று சுழன்று இறங்கும். பிறகு பாறையோட பாறையாக மெல்ல இழுக்கிறது. சிறுவாய் பாஸ் மீனுக்கு இது நல்லாப் பிடிக்கும்.

படமும் இணைச்சிருக்கிறன். ஒரு சொல் தாங்கோ. விளக்கம் வேண்டாம், சொல்.

ஏட்டடி எழுதியது:

அன்புச் சகோதரிக்கு,

செயற்கை இரைக்கு நாம் எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. வள்ளுவரே தந்திருக்கிறார். "வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று" (931). தூண்டிற்பொன்! மின்னுவதைக் காட்டி மீனை ஏய்க்கும் பொருள். இதைப் பொதுச்சொல்லாகக் கொண்டு, உங்கள் உருளையைத் 'தூம்புத் தூண்டிற்பொன்' எனலாம். தூம்பு என்பது உட்டுளை உடையது.

நிரலன் எழுதியது:

> தூம்புத் தூண்டிற்பொன்

ஐயா, இதைக் கையேட்டில் போட்டால் பெரியவர்கள் நகைக்கடைக்குப் போய் நிற்பார்கள். போகட்டும், பொருளும் இடிக்கிறது. பரிமேலழகர் அந்தப் பொன்னை இரும்பு என்றுதான் கொள்கிறார். இரைக்குள் மறைந்திருக்கும் இரும்பு. அதாவது முள். நமக்கு வேண்டியது முள்ளை மறைக்கிற பொருள். வள்ளுவர் அதற்குப் பெயர் சொல்லவில்லை.

என் முன்மொழிவு: குழல் இரை. முடிந்தது.

ஏட்டடி எழுதியது:

இரும்பு என்றே இருக்கட்டும். இரும்பைச் சொல்ல வேறு சொல்லா இல்லை? சூதில் வென்ற பொருளுக்கு உவமை என்பதால்தான் பொன் என்றார். மீனுக்கு அது பொன்னாகத் தெரிகிறது, நமக்கு இரும்பு. பொய்யிரையின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

'குழலிரை' பற்றி: இரைதல் என்றால் ஒலித்தலும்தானே? புல்லாங்குழல் இரைகிறது என்று படித்துவிடுவார்கள். ஆனாலும் குழல் என்ற சொல்லில் ஓர் அழகு உண்டு. குழல் துளையுடையது, கூந்தலும் குழல். சகோதரி சொன்ன பொருளுக்கு ஒரு முனை துளை, மறு முனை இழை. இரண்டு பொருளும் ஒரு சொல்லில் அமைந்து கிடக்கிறது. என் மனம் சற்றே அசைகிறது. எனினும் தூம்பே முதன்மை.

முத்துநகர் எழுதியது:

தூம்புன்னா எங்க பக்கம் சாக்கடை நெனப்புதான் வரும் ஐயா. தூம்பாக்குள்ள எதைய்யா விடப்போறன்னு கேப்பாங்க.

படத்தைப் பார்த்தேன். உருண்டை உடம்பு, அடியில தொங்குற காலு. இது கணவாய்தான், வேற என்ன? ஆழ்கடல்ல இழுவைத்தூண்டில் போடுறவங்க ரப்பர்க் கணவாயத்தான் கட்டுறாங்க. 'கணவாய் இரை'ன்னு போடுங்க. கண்ணால பார்த்ததும் விளங்கணும், அதுதான் சொல்லு.

சிம்கோக்கரை எழுதியது:

அண்ணை, வடிவு கணவாய்தான். ஆனால் சிம்கோ நன்னீர் ஏரி, அதுக்குள்ள கணவாய் ஏது? பாஸுக்கு இது ரெண்டு மாதிரித் தெரியும். ஒன்று நன்னீர்ச் சிங்கி இறால்: பின்னுக்குப் பாயேக்க அதின்ர காலும் மீசையும் இந்த இழை மாதிரித்தான் ஒடுங்கும். மற்றது கோபி. கருங்கடல், காஸ்பியன் பக்கத்து மீன், கப்பலின்ர அடித்தண்ணியோட வந்தது எண்டு சொல்லுவினம். 1990இல் செயின்ட் கிளயர் ஆற்றில் கண்டது, இப்ப பேரேரிகள் முழுக்க நிரம்பிட்டுது. சிறுவாய் பாஸ் அதைத் தின்று கொழுக்குது. ஆனால் கோபியை இரையாகக் கோக்க ஒன்ராறியோவில் தடை. அதாலதான் பிளாஸ்டிக்.

கோபிக்கு நான் 'வட்ட உளுவை' எண்டு போட்டிருக்கிறன். சரியோ?

முத்துநகர் எழுதியது:

உளுவை சரி தங்கச்சி. அதே குடும்பந்தான். இங்க குளத்துலயும் கிடக்கும். அப்ப 'உளுவை இரை'ன்னே போட்டுறலாமா?

நிரலன் எழுதியது:

வேண்டாம். உளுவையை உயிரோடு பிடித்துக் கோக்கச் சொல்வதாகப் படித்துவிட்டால் வழக்கு வரும்.

பிளாஸ்டிக் புழுவை 1949இல் ஒகையோவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் அச்சில் ஊற்றி எடுத்தார். அது புழு வடிவம், எனவே புழு. இந்தக் குழல் பிறகு வந்தது, அமெரிக்க மேற்கில் பாபி கார்லண்ட் செய்த 'கிட்சிட்'. இதை அச்சில் ஊற்றுவதைவிட, கம்பியைப் பிளாஸ்டிக் குழம்பில் தோய்த்து, சுட வைத்து, உறைந்ததும் உருவி எடுப்பதுதான் வழக்கம். அதனால்தான் உள்ளே வெறுமை. அந்த வெறுமையில்தான் எல்லாம்: முள்ளின் தலை உள்ளே ஒளிகிறது, கொஞ்சம் காற்று அடைபட்டுக் குமிழி விடுகிறது, மீன் கடித்ததும் சுவர் அமுங்கி முள் வெளியே வருகிறது. எந்த உயிரின் பெயரையும் ஒட்டவைக்காமல் குழல் என்றே சொல்வது நேர்மை.

தீந்தமிழ் எழுதியது:

கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். குழுமத்தின் பெயரில் தமிழ் என்று வைத்துக்கொண்டு பத்து மடலில் பிளாஸ்டிக், ரப்பர், பாஸ்! 'மென்ஞெகிழிக் குழலிரை' என்பதே முறையான சொல்.

நிரலன் எழுதியது:

ஞெகிழி சங்கத்தில் கொள்ளிக்கட்டை. தினைப்புனத்தில் யானையை விரட்டப் பிடித்தது. அதைத் தண்ணீரில் போட்டு மீன் பிடிக்கச் சொல்கிறீர்கள். அது போக, நெகிழ்வது மென்மையானதுதான். அதன் தலையில் இன்னொரு 'மென்' எதற்கு?

தீந்தமிழ் எழுதியது:

பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவதுதான் கலைச்சொல்லாக்கம். இது தெரியாதவர்களோடு வாதிடுவதற்கில்லை. 'பாஸ்' என்று எழுதினால் மீனா, முதலாளியா, தேர்ச்சியா, கிடாரா? கொடுவாய் இருக்கிறதே?

முத்துநகர் எழுதியது:

கொடுவா எங்க கழிமுகத்து மீனு. உப்புத்தண்ணியிலயும் கிடக்கும், ஆத்துலயும் ஏறும். பாஸ் அந்தச் சாதியே கிடையாது. ருசியும் வேற, விலையும் வேற. கொடுவாயை மட்டும் விட்டுருங்க.

ஏட்டடி எழுதியது:

இங்கே ஒரு சிறு செய்தி. பாஸின் அறிவியல் பெயரான மைக்ரோப்டெரஸ் என்பதற்குச் 'சிறு துடுப்பு' என்று பொருள். 1802இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட் அதைச் சூட்டினார். அவர் கையிலிருந்த மீனின் முதுகுத் துடுப்பு சிதைந்திருந்தது. பிய்ந்து தனித்து நின்ற பகுதியைத் தனிச் சிறுதுடுப்பு என்று எண்ணிவிட்டார். இரண்டு நூற்றாண்டாக அந்தப் பெயரே நிற்கிறது. நாம் 'பாஸ்' என்று எழுதியதால் வானம் இடிந்துவிடாது.

மேலும் 'தூண்டில்' என்பதே முள்ளா, கோலா என்று நாம் முடிவு செய்யவில்லை. குறுந்தொகை 54இல் யானை கைவிட்ட மூங்கில் மீனெறி தூண்டிலைப் போல மேலெழுகிறது. அங்கே கோல். குறளில் முள். அந்தக் குறுந்தொகைப் புலவருக்குப் பெயரே மீனெறி தூண்டிலார்! இவ்வுவமைக்காகவே…

சிம்கோக்கரை எழுதியது:

ஐயா, இன்றைக்குப் புதன்.

விரால்வேட்டை எழுதியது:

பல வருடமாக மடல்களைப் படிக்கிறேன், எழுதியதில்லை. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் விராலுக்குத் தவளை போடுகிறவன். முன்பு உயிர்த்தவளை, இப்போது பிளாஸ்டிக். எல்லோரும் சொல்வது 'ரப்பர் தவளை'. அது ரப்பர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கடைக்காரரும் ரப்பர் தவளை என்றால்தான் எடுத்துத் தருகிறார். அம்மா, 'ரப்பர்க் குழல்' என்று எழுதுங்கள். தூண்டில் கையேட்டில் இரை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. முள்ளின் தலைக்கு 'ஈயத்தலை' என்றீர்கள். நாங்கள் குண்டு என்போம்.

சிம்கோக்கரை எழுதியது:

குண்டு! நல்ல சொல் அண்ணா. இங்க தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டும் ஈயத்தலை முள்ளும் தடை. நீர்ப்பறவை விழுங்கிச் சாகுது. கனபேர் டங்ஸ்டனுக்கு மாறியிட்டினம். 'ஈயத்தலை' எண்டு அச்சடிச்சால் சனம் ஈயத்தைத்தான் வாங்கும். 'குண்டு முள்' எண்டு மாத்திறன்.

ரப்பர்க் குழலும் பிடிச்சிருக்கு. நேற்று வகுப்பில் குழலிரை, தூம்பு, ரப்பர்க் குழல் மூன்றையும் சொல்லிப் பாத்தன். தூம்புக்கு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. குழலிரைக்கு ஒரு ஐயா "வடிவான சொல், என்னது அது?" எண்டார். ரப்பர்க் குழல் எண்டதும் பெட்டிக்குள்ள கையை விட்டுச் சரியான சாமானை எடுத்துத் தந்தார்.

நிரலன் எழுதியது:

பொருளால் பிழை, அது பாலிவினைல் குளோரைடு. வழக்கால் சரி. ஒப்புக்கொள்கிறேன். சொல்லடைவில் 'குழலிரை' என்று அடைப்புக்குள் போட முடியுமா?

சிம்கோக்கரை எழுதியது:

இடமில்லை. வடிவமைப்பாளர் ஏற்கனவே கோபத்தில் இருக்கிறார். 'ரப்பர்க் குழல்' போகுது. எல்லாருக்கும் நன்றி.

தீந்தமிழ் எழுதியது:

ரப்பரும் இல்லை, தமிழும் இல்லை. என் மறுப்பைக் குழுமக் காப்பகத்தில் பதியவும். இன்னொன்று, வேற்றுமொழிச் சொல்லுக்குப் பின் ஒற்று மிகுமா? 'ரப்பர் குழல்' என்று இயல்பாக விடுவதே முறை.

ஏட்டடி எழுதியது:

மிகும். மோர்க்குழம்பு, தயிர்ச்சாதம் போல. ரகரம் சொல்லின் பிறப்பைக் கேட்பதில்லை. இது குறித்து விரிவாக நாளை எழுதுகிறேன்.