மறு: ‘குவில்ட்’, ‘குவில்ட்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம். துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வையை ஆங்கிலத்தில் ‘குவில்ட்’ என்றும், அப்படித் தைப்பதைக் ‘குவில்ட்டிங்’ என்றும் சொல்கிறார்கள்; இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். மடலிழை நீண்டுவிட்டதால் வந்த மூன்று பரிந்துரைகளுக்கும் ஒரே மடலில் எழுதுகிறேன்.

> பஞ்சுப்போர்வை போதும். யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் பொருந்தாது. நான் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் செய்முறை வங்காளத்து நக்‌ஷி காந்தாவுக்கானது. பறவை உருவங்கள் போட்ட போர்வை. அதில் பஞ்சே கிடையாது. பழைய பருத்திச் சேலை, வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீவி, ஓரத்தை மடித்து, முதலில் பெரிய தையலாக நூலோட்டிப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் அத்தனை அடுக்கையும் சேர்த்து ஓட்டுத்தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக விட்டு வரிசையாக ஓட்டும் தையல். குளிருக்குப் போர்த்தும் லேப் காந்தா கனமாக இருக்கும். கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்கும் ஆர்ஷிலதா மெல்லிசு. இரண்டிலும் துணிதான் கனம் தருகிறது. பஞ்சை வைத்துப் பெயரிட்டால் இந்த மரபு முழுக்க வெளியே நின்றுவிடும். மெத்தைப்போர்வை என்ற சொல்லுக்கும் இதே குறைதான்.

> பூத்தையல் போர்வை?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், அக்கா. பூத்தையல் வேறு, அடுக்குகளைப் பிணைக்கும் தையல் வேறு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பரவிய சிவப்பு நூல் போர்வைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பறவை, விலங்கு, குழந்தை என்று சதுரத்துக்கு ஓர் உருவமாக வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் கோட்டுருவம் தைப்பார்கள். அது பூத்தையல். பிறகு சதுரங்களை இணைத்து, அடித்துணி கொடுத்து, எல்லாவற்றையும் ஊடுருவித் தைப்பது இன்னொரு வேலை. நமக்குச் சொல் வேண்டியது இந்த இரண்டாவது வேலைக்கு.

காந்தாவில் இரண்டும் ஒரே ஊசியில் நடக்கின்றன. ஒரு மயிலை எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். முதலில் வெளிக்கோடு. பிறகு கழுத்துக்குள் வரிவரியாக ஓட்டுத்தையல். இறக்கைக்கு வந்ததும் வரியின் திசை மாறும். ஒரே நிற நூலாக இருந்தாலும் திசை மாறுவதாலேயே இறக்கை உடம்பிலிருந்து பிரிந்து தெரியும். அந்த நூலும் முன்பெல்லாம் பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவியதுதான். மயில் முடிந்ததும் வெறும் இடத்தை அப்படியே விடுவதில்லை. வெள்ளை நூலால், பறவையின் வடிவத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றித் தையல் ஓடும், குளத்தில் கல் விழுந்த இடத்தைச் சுற்றி அலை பரவுவதுபோல. வெள்ளையில் வெள்ளை என்பதால் தையல் கண்ணில் படாது. துணி மட்டும் மெல்லச் சுருங்கி மேடுபள்ளம் காட்டும். காந்தாவைக் கையால் தடவினால் தெரிகிற அந்தச் சொரசொரப்பு இதனால் வருவது. இந்த வெள்ளைத் தையலை விட்டுவிட்டால், இரண்டு சலவைக்குள் அடுக்குகள் ஒன்றையொன்று விட்டு நகர்ந்து, மயிலைச் சுற்றித் துணி பை மாதிரி தொங்கும். பறவையைவிட அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்துக்கே உழைப்பு அதிகம். கடையில் விலை பேசுகிறவர்கள் பறவைகளை மட்டும் எண்ணிப் பார்ப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற விஷயம்.

ஆக, பெயர் இந்தத் தையலிலிருந்து வரவேண்டும். என் பரிந்துரை: துன்னல்.

புதிதாகச் செய்த சொல் இல்லை. பொருநராற்றுப்படையில் வறுமைப்பட்ட பொருநன் உடுத்தியிருந்தது ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’. வேறு இழை நுழைத்துத் தைத்த கந்தல். பழந்துணிக்குள் வேற்று நூலை ஓட்டுவது என்ற பொருள் அங்கேயே இருக்கிறது. சிலப்பதிகாரம் புகாரின் தையற்காரர்களைத் துன்னகாரர் என்கிறது. துன்னுதல் என்றால் நெருங்குதல், செறிதல் என்றும் பொருள். நெருக்கமாகப் போடும் தையலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘தையல்’ பொதுச்சொல்லாகிவிட்டது, துன்னல் இன்று எந்த வேலையும் இல்லாமல் அகராதியில் சும்மா கிடக்கிறது.

சென்னைப் பக்கத்து நண்பர் ஒருவர் தனிமடலில் சரியான கேள்வி கேட்டார்: அங்கே ‘துன்னு’ என்றால் சாப்பிடு. உண்மை. வகுப்பில் ‘இந்த மூலையைத் துன்னுங்கள்’ என்று சொல்ல முடியாது. அதனால் வினையைத் ‘துன்னலிடு’, பேச்சில் ‘துன்னல் போடு’ என்று வைத்துக்கொள்வோம். கோலம் போடு, தையல் போடு என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது உறுத்தாது.

> காந்தாவும் நம் கந்தையும் ஒன்றுதானே? கந்தை என்றே சொல்லலாமே.

உறவுள்ள சொற்கள்தான். ஆனால் இன்றைய தமிழில் கந்தை என்றால் கிழிசல். மாதக்கணக்கில் உட்கார்ந்து போர்வை தைத்தவரிடம் ‘உங்கள் கந்தை அழகு’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. நக்‌ஷி காந்தா என்பது ஒரு மரபின் பெயர். மேற்கு வங்கத்துக்கு 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவோம். சொல் இனிமேல் பரவுமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று: ‘நக்‌ஷி காந்தா’ என்ற பெயரே பரவலானது, 1929-இல் வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் அதைத் தலைப்பில் வைத்து எழுதிய கவிதை நூல் வந்த பிறகுதான். காந்தா அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருந்தது.

எனவே துன்னல், துன்னற்போர்வை, துன்னலிடு. மேலே மேல்துணி, கீழே அடித்துணி, நடுவில் எதை வைத்தாலும் இடையடுக்கு; அது பஞ்சாகவும் இருக்கலாம், பழஞ்சேலையாகவும் இருக்கலாம். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

இன்னொன்றும் வேண்டும். நம் வீடுகளிலும் பழைய பருத்திச் சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பார்கள். உங்கள் ஊரில் அந்த விரிப்புக்கோ அந்தத் தையலுக்கோ தனிப்பெயர் உண்டா? பாட்டிமார்களிடம் கேட்டு, ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். புழக்கத்தில் ஒரு சொல் அகப்பட்டால் துன்னலை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ள எனக்கு முழுச் சம்மதம்.