கலைச்சொல் உதவி: வான்கோழி நோய் ஒன்றுக்குப் பெயர் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் (எழுதுவோர் பெயருக்குப் பதில் அவரவர் சிங்கப்பூர்ப் பேட்டை)

ஈசூன்: பறவை நோய்க் கையேடு ஒன்று நாலு மொழியிலும் வருகிறது. தமிழ் என் தலையில். வான்கோழிக்கு ரெட்ரோ வைரஸ் (தன் மரபுத் தகவலை உயிரணுவின் டி.என்.ஏ.வுக்குள் நுழைத்துவிடும் வகை) ஒன்றால் வரும் நோய் இது. நிணவணுக்கள், அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள், கட்டுமீறிப் பெருகும். மண்ணீரல் வீங்கிவிடும், வெட்டிப் பார்த்தால் சலவைக்கல் மாதிரி வெளிறிய திட்டுகள். 'நிணவணுப் பெருக்க நோய்' என்று போட்டேன். சரிபார்ப்பவர், "பெருக்கம் என்றால் வாய்பாடு ஞாபகம் வருகிறது" என்று திருப்பிவிட்டார்.

பீஷான்: வாய்பாடு கிடக்கட்டும், தம்பி. நிணம் என்றால் கொழுப்பு. சங்கப் பாட்டில் போர்க்களத்துப் பருந்து கவ்விப் போகுமே, அது. உடம்பில் இந்த அணுக்களைச் சுமந்து ஓடும் தெளிந்த நீருக்கு 'நிணநீர்' என்ற பெயர் எப்படிப் பொருந்தும்? 'ஊனீர்' என்போம். வைரஸையும் 'நச்சுயிரி' ஆக்குங்கள்.

உட்லண்ட்ஸ்: ஐயா, குடலிலிருந்து கொழுப்பை ஏற்றிப்போவது நிணநீர் நாளங்கள்தானே. சாப்பிட்ட பிறகு பால் மாதிரி வெளுத்திருக்கும். பெயர் வைத்தவர் தெரியாமலா வைத்தார்? அப்புறம், 'ஊனீர்' என்றால் என் மாணவர்கள் ஆட்டுக்கால் சூப் என்பார்கள்.

பீஷான்: அது மனிதருக்கு, அம்மா. பறவைக்குக் குடல் கொழுப்பு நேரே இரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது. கோழி, வான்கோழிக்கு நம்மைப் போல நிணநீர்க்கணுக்களும் கிடையாது. ஆக, நிணம் இங்கே இரண்டு தடவை தப்பு.

(இதற்கு யாரும் பதில் எழுதவில்லை. உண்மை என்பதால்தான்.)

ஜூரோங்: 'வான்கோழி' மட்டும் சரியா? அமெரிக்கப் பறவை அது. 1492க்கு முன்னால் இந்தப் பக்கம் தலைகாட்டியிருக்காது. அப்படியானால் "கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி" எது? வேறு பறவையா, இல்லை மூதுரையே நாம் நினைப்பதைவிடப் பிந்தியதா?

உட்லண்ட்ஸ்: அண்ணே, அதற்குத் தனி இழை திறங்கள், புண்ணியமாகப் போகும்.

ஈசூன்: வியாழன் இரவு பதினொன்று. 'நிணவணுக் கழலை நோய்' போடலாமா? கழலை என்றால் கட்டிதானே. 'புற்று' என்று எழுதினால், கிறிஸ்மஸுக்கு வான்கோழி வாங்குகிறவர்கள் மிரண்டுவிடுவார்கள். இது மனிதருக்குத் தொற்றியதாகத் தெரியவில்லை.

உட்லண்ட்ஸ்: எல்லா வான்கோழிக்கும் கட்டி வராது. அமெரிக்கக் காட்டு வான்கோழிகளில் இந்த வைரஸை 2009இல் கண்டுபிடித்தார்கள். வைரஸ் இருந்தும் பெரும்பாலானவை நன்றாகவே திரிகின்றன. நோய்க்குக் 'கழலை' சரி, வைரஸுக்கு வேண்டாம்.

ஜூரோங்: கழலைக்கு என் ஓட்டு. தூக்கம் வருகிறது.

ஈசூன்: 'நிணவணுக் கழலை நோய்', 'வைரஸ்'. கொடுத்துவிட்டேன். நன்றி.

பீஷான்: நிணம் கொழுப்புதான். பதிவில் இருக்கட்டும்.