தரம் 10 ஆங்கில வகுப்பில் சிறுகதை: பாடம் தமிழில் பொருள் சொல்வதாகவே முடிந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி – மூதூர்ப் பக்கத்து ஆங்கில ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் கடலோரக் கிராமப் பாடசாலை ஒன்றில் தரம் 10 மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். பாடவேளை முடிந்து வெளியே போனால் அவர்கள் காதில் ஆங்கிலம் விழுவதற்கு வழியே இல்லை. சென்ற தவணையில், பாடநூலுக்கு வெளியே நான்கு பக்கச் சிறுகதை ஒன்றைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். மீன்பிடிக்கப் போன தகப்பனுக்காகக் காத்திருக்கும் ஒரு பையனின் கதை. மூன்று பாடவேளைகள் செலவாயின. நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் பொருள் சொல்ல, பிள்ளைகள் ஆங்கில வரிகளுக்கு மேல் பென்சிலால் அதை எழுதிக்கொண்டார்கள். முடிவில் தாள்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் தமிழ்க் கதை ஒன்று முழுமையாக இருந்தது. ஆங்கிலத்தை எவரும் வாசிக்கவில்லை.

தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கில இலக்கியம் விருப்பப் பாடந்தானே, எல்லோரும் எழுதும் ஆங்கில மொழிப் பாடத்துக்குக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்வித்தால் போதும் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தகப்பன் இருட்டிய பிறகும் கரை திரும்பாத இடம் வந்தபோது, பின்வரிசைப் பிள்ளைகள் உட்பட வகுப்பு முழுவதும் மூச்சடங்கி இருந்தது. வினாத்தாள் செய்யும் நாட்களில் அந்தக் கவனத்தை நான் கண்டதில்லை. அதை இழக்க எனக்கு மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில் 1 – ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், திருகோணமலை நகரம்

அன்புள்ள ரீச்சருக்கு, பிழை கதையில் இல்லை, அதன் நீளத்தில் இருக்கிறது. துணையில்லாமல் ஒரு கதையை வாசித்து விளங்கிக்கொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 வீதமானவை வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மொழிக் கற்றல் ஆய்வாளர்களான ஹூ, நேஷன் ஆகிய இருவரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல் மட்டுமே புதிதாக இருக்கலாம். உங்கள் நான்கு பக்கத்தில் 1200 சொற்கள் இருந்தால், புதிய சொற்கள் 24 ஐத் தாண்டக்கூடாது. நூற்றுக்குப் பதினைந்து சொல் தெரியாத பிள்ளைக்கு அதே கதையில் 180 முட்டுக்கட்டைகள். அந்த நிலையில் பென்சிலை எடுப்பதைத் தவிர அந்தப் பிள்ளையால் வேறு என்ன செய்ய முடியும்?

ஆகவே அரைப்பக்கம் எடுங்கள். ஆனால் அந்த அரைப்பக்கத்தில் ஒவ்வொரு சொல்லும் எழுதியவர் தேர்ந்தெடுத்த சொல் என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும். அதை உணர்த்த நான் தமிழிலிருந்தே தொடங்குவேன். கோணேசர் மீது சம்பந்தர் பாடிய தேவாரத்தில் 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்ற வரி எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒருவன் குரைகடலுக்கு 'பார்க்கிங் சீ' (barking sea) என்று எழுதினான். நாய் அல்லவா குரைக்கும் என்று மற்றவர்கள் மறுக்க, பழந்தமிழில் குரைத்தல் பேரொலிக்கும் உரியது என்று நான் சொல்ல, 'ரோரிங்' என்ற சொல் வந்தது. 'கொழிக்கும்' என்பதற்கு ஒரு பையன் 'பிரிங்' என்றான். கடல் ஒருமை, 'பிரிங்ஸ்' என்று வரவேண்டும் எனப் பக்கத்திலிருந்தவனே திருத்தினான். அந்த இறுதி 's' ஒலியை நான் எத்தனையோ வருடம் பலகையில் எழுதிக் களைத்தவன். கடைசியில் ஒரு மாணவி, தன் அம்மா சுளகில் அரிசி கொழிப்பதைக் கையால் செய்து காட்டி, அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று கேட்டாள். 'சிஃப்ட்' (sift) என்ற சொல்லை அன்று கற்ற எவரும் மறக்கவில்லை. மறுநாள் கடலைப் பற்றிய எட்டு வரி ஆங்கிலக் கவிதை ஒன்றைக் கொடுத்தபோது, கவிஞர் ஏன் இந்த வினைச்சொல்லை இட்டார் என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வந்தது.

பதில் 2 – கிண்ணியா ஆசிரியை

சேர் சொன்ன அரைப்பக்கக் கணக்கை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். தேவார வரி மட்டும் எல்லா வகுப்புக்கும் பொருந்தாது. என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அது தெரியாது. நான் அவர்களுடைய உம்மம்மாமார் பாடும் நாட்டார் கவிகளிலிருந்து தொடங்குகிறேன். ஊரில் வாய்மொழியாக உள்ள எதுவும் இதற்கு உதவும்.

ரீச்சர், தமிழை வகுப்பிலிருந்து விரட்டிவிட வேண்டாம். தமிழ் எப்போது வருகிறது என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் தாளே கொடுக்காமல் பகுதியை இரண்டு தடவை நிதானமாக உரக்க வாசிப்பேன். கேட்டதைத் தமிழில் ஒருவருக்கொருவர் கதைக்க மூன்று நிமிடம் விடுவேன். அதன் பிறகே தாள். பென்சில் மேசையின் உள்ளேதான் இருக்கும். கேள்விகளை, கதைச் சுருக்கம் தெரிந்தால் பதில் சொல்லக்கூடியவையாக அமைக்க மாட்டேன். 'பையன் பயந்திருக்கிறான் என்று எந்தச் சொல்லிலிருந்து தெரிந்துகொண்டாய்?' என்று கேட்டால், பிள்ளை ஆங்கில வரிக்குத் திரும்பிப் போயே ஆக வேண்டும். தமிழ்ப் பொருள் அங்கே கைகொடுக்காது. முடிவுப் பந்தியைக் கடைசிவரை என் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று இரண்டு வாக்கியம் எழுதச் சொல்வேன். எழுதியதில் பிழை இருக்கும். அந்த நேரம் சிவப்புப் பேனையை நான் எடுப்பதில்லை.

இலக்கியத்தை மொழி வகுப்பில் பண்பாட்டுக்காக, மொழிக்காக, பிள்ளையின் சொந்த வளர்ச்சிக்காக என மூன்று நோக்கில் பயன்படுத்தலாம் என்று மொழிக் கல்வி அறிஞர்களான கார்ட்டரும் லோங்கும் 1991 இல் வகுத்தார்கள். நாம் பெரும்பாலும் முதலாவதோடு நின்று, கதையை எழுதியவரின் வரலாற்றைக் குறிப்பாகச் சொல்லிக் கொடுக்கிறோம். 40 நிமிடப் பாடவேளையில் எனக்கு அதற்கு நேரமே இல்லை.

பதில் 3 – இரண்டாம் மொழிச் சிங்கள ஆசிரியர், கந்தளாய்

நான் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம் கற்பிப்பவன். கதை கொடுத்தால் எங்களுக்கு வரும் சிக்கல் வேறு. பேச்சுச் சிங்களத்தில் 'மம யனவா' என்றால் நான் போகிறேன், 'எயா யனவா' என்றால் அவர் போகிறார், வினை மாறுவதில்லை. எழுத்துச் சிங்களத்தில் 'மம யமி', 'ஒஹு யயி' என்று ஆளுக்கேற்ப மாறும். கடைத்தெருவில் கேட்ட சிங்களத்தோடு வரும் பிள்ளை, கதையைக் கண்டதும் இது வேறு மொழி என்று பயந்துவிடுகிறது. ஆனால் பல கதைகளில் உரையாடல் பேச்சு நடையிலும் விவரணை எழுத்து நடையிலும் இருக்கும். ஆகவே முதல் நாள் உரையாடல் வரிகளை மட்டும் இருவராக நின்று வாசிக்கச் சொல்வேன்; விவரணைக்கு அடுத்த நாளே போவேன். 'போகிறேன், போகிறார்' என்று ஆளுக்கேற்ற விகுதி தமிழிலேயே இருப்பதால், எழுத்து நடை தமிழ்ப் பிள்ளைக்கு நாம் அஞ்சும் அளவுக்குக் கடினமாக இருப்பதில்லை. உங்கள் ஆங்கிலக் கதையிலும் உரையாடலிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அதே கதையிலிருந்து, பையனும் தாயும் கரையில் நின்று கதைக்கும் 140 சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். தாளில்லாமல் இரண்டு தடவை வாசித்தேன். பயத்தைக் காட்டும் சொல் எது என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று சொல் சொன்னார்கள். அவற்றுள் ஒன்று நான் எதிர்பார்க்காதது: தாய் ஒரே பதிலை இரண்டு தடவை சொல்கிறாள் என்பதை, அப்பா கடற்றொழில் செய்யும் ஒரு பையன் காட்டினான். ஏன் என்று கேட்டேன். ஒரு நிமிடம் நின்றுவிட்டு, தாளைப் பார்க்காமலே ஆங்கிலத்தில் சொன்னான்: 'மதர் ஆல்சோ நொட் நோ.' அந்த வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். 'டஸ்' எங்கே வரவேண்டும் என்று நாளைக்கு வகுப்பிடமே கேட்கப் போகிறேன்.