மாதவரம், மணலி, மீஞ்சூர் மனைப்பிரிவுகள்: தளத்தில் பார்த்ததை அளவோடு எழுதுங்கள்

தண்டையார்பேட்டை வாசகர்:
வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் வடக்குத் துண்டு 2021-ல் திறந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. அதற்கப்புறம் வடசென்னையின் இந்தப் பக்கம் வயலில் மனைக்கல் நடுவது அன்றாட வேலையாகிவிட்டது. விலைப் பேச்சு வேண்டாம், எந்த புரமோட்டர் நல்லவர் என்ற விசாரணையும் வேண்டாம். லேஅவுட் (மனைப்பிரிவு) போடும்போது என்ன நடக்கவேண்டும், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மாதவரம் பிளானர்:
நிலக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 3 ஏக்கர் என்றால் 12,140 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 54 கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). உள்சாலைக்கு 3,240 போனதாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 8,900. இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருப்பதால் சாலை போக மீதியில் 10 சதவீதம், அதாவது 890, ஓஎஸ்ஆர் (பொதுவுக்கு ஒதுக்கும் திறந்தவெளி) பூங்காவுக்கு. இன்னொரு 10 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான சிறு மனைகளுக்கு. டிரான்ஸ்பார்மர் மாதிரியான பொதுப் பயன்பாட்டுக்கும் கொஞ்சம் விடவேண்டும். கடைசியில் சாதாரண மனையாக விற்க நிற்பது 7,000 சதுர மீட்டர் சுற்றி, 31 கிரவுண்டு.

54 எப்படி 31 ஆகிறது என்ற எரிச்சலில்தான் குறுக்குவழி பிறக்கிறது. 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது 74 சென்ட்டுக்குள் இருந்தால் ஓஎஸ்ஆர் கிடையாது. 3,000-லிருந்து 10,000 வரை இடமாகவோ வழிகாட்டி மதிப்புப்படி பணமாகவோ கொடுக்கலாம். ஆகவே ஒரே குடும்பத்து நிலத்தை நாலு பேர் பெயரில் பிரித்து, தலா 70 சென்ட்டாக நாலு மனு போடுகிறார்கள். முடிவில் நாலு துண்டுக்கும் நாலு தெரு. ஒன்றின் முனை இன்னொன்றோடு சேராது, பூங்கா இல்லை, குப்பை வண்டி திரும்ப இடமில்லை. இணையவேண்டிய தெரு நடுவே மதில் நிற்பதை வடபெரும்பாக்கத்திலிருந்து சோழவரம் வரை பார்க்கலாம். வாங்குபவர் பிளானில் பார்க்கவேண்டியது இது: தெரு, நிலத்தின் எல்லைவரை போய் அடுத்த நிலத்துக்குத் திறந்திருக்கிறதா, இல்லை கடைசி மனையில் முட்டி நிற்கிறதா?

பொன்னேரி பத்திர எழுத்தர்:
பிளானர் சார் சொன்னதோடு ஒன்று. "அப்ரூவ்டு" என்ற ஒரே வார்த்தையில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஒன்று சிஎம்டிஏவோ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) டிடிசிபியோ (மாநில நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் தந்த லேஅவுட். சிஎம்டிஏ எண் பிபிடி/எல்ஓ என்று தொடங்கும். அதில் சாலையும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போயிருக்கும். இன்னொன்று 2017 விதிகளின்படி வரன்முறை செய்த மனை, அதாவது ஒப்புதல் இல்லாமல் போட்டதைப் பிற்பாடு கட்டணம் கட்டிச் சட்டப்படியாக்கியது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைப் பதிவை நிறுத்திய பிறகு வந்த ஏற்பாடு அது. 20.10.2016-க்கு முன் உருவானவற்றுக்கு மட்டும். பதிவுக்கும் வங்கிக் கடனுக்கும் இது போதும். ஆனால் பல இடத்தில் பூங்காவுக்குப் பதில் பணம்தான் கட்டியிருப்பார்கள், தெரு பழைய அகலத்தில் அப்படியே இருக்கும். விலையைப் பேசும்போது இரண்டையும் ஒன்றாக நினைக்கக்கூடாது.

ஒப்புதல் கடிதத்தோடு தானப் பத்திர நகலையும் கேளுங்கள். அதிலுள்ள சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் சாலை யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சாலை இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில் இருந்தால் விளக்குக் கம்பமும் குடிநீர்க் குழாயும் வருவது இழுக்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் ரெராவில் (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையம்) பதியாமல் விளம்பரமே செய்யக்கூடாது. அந்தப் பதிவு எண்ணையும் ரெரா இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

பட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நில விவரப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும். புலப்படத்தில் நிலத்துக்குள் இரட்டைக் கோடு ஓடினால் அது வாய்க்காலா வண்டிப்பாதையா என்று கிராம வரைபடத்தில் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நம் பக்கம் ஏரிப் பாசன நிலம் அதிகம், கிளை வாய்க்கால்கள் எல்லாம் இன்று தட்டையாக மண்ணுக்கடியில் கிடக்கின்றன.

மணலி சைட் இன்ஜினியர்:
காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் மழையில் மூழ்கிய லேஅவுட்கள் இங்கே உண்டு. காரணம் மட்டம்.

நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றில், தளத்தைக் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டருக்கு உயர்த்தவேண்டும் என்று எழுதியிருக்கும். விற்பவர் அதைக் காட்டமாட்டார், நீங்கள்தான் கேட்கவேண்டும். கையில் வந்ததும் ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்திருக்கும் சர்வேயரைக் கூப்பிட்டு, பக்கத்திலுள்ள நிலையான பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் குறித்துவைத்த அடையாளக் கல்) மட்டம் கொண்டுவந்து மனையின் நாலு மூலை, தெரு நடு, கால்வாய் அடி ஆறையும் எடுக்கச் சொல்லுங்கள். அரைநாள் வேலை. கைப்பேசியில் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள். அதில் மீட்டர் கணக்கில் பிழை வரும், நமக்கு வேண்டியது சென்டிமீட்டர்.

அடுத்து நிரப்பு. 2,400 சதுர அடி மனையை 3 அடி உயர்த்த 7,200 கன அடி, அதாவது 72 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). அது இறுகிய பிறகு வேண்டிய அளவு. லாரியில் வரும் உதிரி மண்ணில் 20 சதவீதம் கூடச் சேர்த்தால் 86 யூனிட், 3 யூனிட் டிப்பரில் 29 நடை. "60 யூனிட் போட்டாச்சு, 3 அடி ஏறிடுச்சு" என்றால் நம்பாதீர்கள்: உதிரியாகவே இரண்டரை அடிதான் வரும், இறுகினால் இரண்டடி சுற்றித்தான் நிற்கும்.

சவுடு அல்லது கிராவலை 8 முதல் 12 அங்குலப் படலமாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அடுத்த படலம். சாலைக்கடியில், ஆய்வகத்தில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதமாவது இறுக்கம் வேண்டும், சோதனை அறிக்கை கேட்கலாம். நடைமுறையில் கட்டட இடிபாட்டைக் கொட்டி, மேலே ஓரடி சிவப்பு மண் தூவிவிடுகிறார்கள். செங்கல் துண்டுகளுக்கு நடுவே பொந்து இருக்கும், தண்ணீர் இறங்கியதும் தரை குழியும். ஜேசிபியால் 4 அடி தோண்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

நிரப்பின் மேல் அஸ்திவாரம் வைக்கவே கூடாது. அடியில் இருப்பது களி. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஒரு போர் போட்டு மண் பரிசோதனை செய்துவிட்டு, தேவைப்பட்டால் அண்டர்-ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்) இறக்கி, அதன் மேல் பிளின்த் பீம் (வீட்டுத் தரைமட்ட உத்திரம்) கட்டுங்கள். பிளின்த் சாலை நடுமட்டத்திலிருந்து இரண்டரை அடியாவது உயரட்டும், தெரு மேல் தெரு போடும் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

கொசஸ்தலைக்காரன்:
இன்ஜினியர் அண்ணே, மண்ணைக் கொட்டி உயர்த்தினால் முடிந்ததா? தண்ணீர் எங்கே போகும்?

300 மீட்டர் தெருவில் வடிகாலுக்கு 300-க்கு 1 சரிவு கொடுத்தால் கடைசியில் ஒரு மீட்டர் ஆழம் இறங்கும். அந்த முனை சேரும் கால்வாயில் மழைக்கால நீர்மட்டம் அதைவிட உயரமாக இருந்தால், வடிகால் வழியாகவே வெள்ளம் தெருவுக்குள் வரும். மணலி, சடையங்குப்பம் பக்கம் இதுதான் நடக்கிறது. ஒரு பக்கம் புழல் உபரிக் கால்வாய், இன்னொரு பக்கம் பூண்டியில் திறந்தால் நிரம்பி வரும் கொசஸ்தலை, முகத்துவாரத்தில் கடல் ஏற்றம். 2015, 2021, 2023 மூன்று முறையும் மணலி புதுநகர் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. வெளியேறும் வாயில் ஒருவழி மடல் கதவும், அது மூடியிருக்கும் நேரத்துக்கு ஒரு சம்பும் பம்பும் இல்லாத லேஅவுட்டுக்கு வடிகால் இருப்பதாகக் கணக்கு வைக்காதீர்கள்.

புது லேஅவுட் 3 அடி ஏறினால் பக்கத்துப் பழைய காலனி சட்டியாகிவிடும். சுற்றுமதிலுக்கு வெளியே பழைய வாய்க்கால் அகலத்துக்காவது இடம் விடாமல் ஒப்புதல் கொடுப்பதை நான் ஏற்கவில்லை.

பொன்னேரி பத்திர எழுத்தர்:
இதோடு இன்னொன்று. சிஎம்டிஏ தளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் போட்டால் நிலப் பயன்பாட்டு வகை வரும். மணலியில் அபாயகரத் தொழில் பகுதிக்கும் குடியிருப்புக்கும் நடுவே சில இடங்களில் ஒரு சாலைதான். புழல் ஏரி நீர்ப்பிடிப்புக் கிராமங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு. எண்ணூர் கழிமுகம் பக்கம் கடலோர ஒழுங்குமுறை மண்டலம். வகை மாற்றிக் கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால், மாற்றிய ஆணையைப் பார்த்த பிறகு பேசுங்கள்.

மீஞ்சூர் பிளம்பிங் காண்ட்ராக்டர்:
பாதாளச் சாக்கடை வராத தெருக்களுக்கு மட்டும் எழுதுகிறேன். செப்டிக் டேங்க் பிரச்சினையில்லை, அதிலிருந்து வரும் நீரை மண்ணில் இறக்கும் சோக்பிட் (உறிஞ்சுகுழி)தான் பிரச்சினை. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் காய்ந்த மண் வேண்டும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தோண்டினால் கைக்கே எட்டும். களியில் அது உறிஞ்சவும் உறிஞ்சாது, கழிவு பேசின் வழியே திரும்பும். டேங்கைப் பெரிதாகக் கட்டி லாரியில் எடுக்கும் செலவைக் கணக்கில் சேருங்கள். இல்லையென்றால் லேஅவுட்காரரே பொதுச் சுத்திகரிப்புக் கட்டவேண்டும்.

போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது இன்று நேற்றல்ல. குடிக்கிறதை விடுங்கள், கான்கிரீட் கலக்கவே சோதிக்கவேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாது. தாண்டினால் கம்பி துருப்பிடித்து, அதை மூடியிருக்கும் கான்கிரீட் கவர் உதிரும்.

மாதவரம் பிளானர்:
நல்ல மாதிரியே இல்லையா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். கொடுங்கையூரைப் பாருங்கள். 1977-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய மனையும் சேவையும் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கத்தோடு அதுவும் ஒன்று. தெரு, குழாய், சாக்கடை, பள்ளிக்கு இடம் எல்லாவற்றையும் முதலில் போட்டுவிட்டு, சிறு மனையும் பெரிய மனையும் கலந்து விற்றார்கள். வீட்டை மக்கள் கையிருப்புக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டார்கள். இன்றைய தனியார் லேஅவுட்டில் இந்த வரிசை தலைகீழ்.

தண்டையார்பேட்டை வாசகர்:
மனை வாங்கியாச்சு, வீட்டு அனுமதிக்கு எத்தனை நாள் அலையவேண்டும்?

மாதவரம் பிளானர்:
மனை 2,500 சதுர அடிக்குள், வீடு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனே எடுக்கலாம். ஆனால் மனை ஒப்புதல் பெற்றதாகவோ வரன்முறை ஆனதாகவோ இருக்கவேண்டும். பக்க இடைவெளியைக் குறைத்துக் கட்டினால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். வரைபடத்தில் காட்டிய அளவும் பத்திர அளவும் புலப்பட அளவும் வேறுபட்டால், மூன்றில் சிறியதை வைத்து வரையுங்கள்.