ஜெலுத்தோங் வீடு, ஆறு பெட்டி

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைங்க
வியாழன், இரவு

மணி மாமா (8.04): வணக்கம். ராஜா போனப்புறம் அவன் வீட்டுச் சாவிய 31-ஆம் தேதி ஓனர்கிட்ட குடுக்கணும். கட்டில், பிரிட்ஜ் எல்லாம் போயிருச்சு. புத்தகம் மட்டும் 6 பெட்டி கிடக்கு. சனிக்கிழம காலையில பழைய பேப்பர் எடுக்குற பேப்பர் லாமா லோரிய வரச் சொல்லிட்டேன்.

சரசு சித்தி (8.05): சரி அண்ணே

செல்வி பெரியம்மா (8.06): 16-ஆம் நாளுக்கு வாழை இலைக்கு யாரு சொன்னது

கயல் (8.06): மாமா வேணாம். லோரிய நிறுத்துங்க

மணி மாமா (8.07): ஏம்மா

தினேஷ் (8.07): எல்லாம் காமிக்ஸ்தானே கயல்

கயல் (8.15): எட்டாம் நாள் படையல் முடிஞ்சு கிளம்பும்போது ராஜா மாமா அலமாரியிலேருந்து 3 புத்தகம் எடுத்துட்டு வந்தேன், பெரியம்மாகிட்ட சொல்லிட்டுத்தான். பட்டர்வொர்த்துல ரயில் ஏறி உட்கார்ந்தவ கேஎல் சென்ட்ரல் வர்ற வரைக்கும் தலைய நிமிர்த்தல. படம் போட்டிருந்தா சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்னு ஒதுக்கிடுறோம். நானும் 38 வயசு வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். இப்ப நாலஞ்சு நாளா அதே நினைப்பு. ஒவ்வொண்ணா சொல்றேன், படிங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

சரசு சித்தி (8.16): சாப்டியா கயலு

கயல் (8.24): சாப்ட்டேன் சித்தி. முதல்ல 'மௌஸ்'. ஆர்ட் ஸ்பீகல்மன் வரைஞ்சது. நாஜிக்காரன் கேம்ப்ல இருந்து உயிரோட வந்த தன் அப்பாகிட்ட உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வரைஞ்ச கதை. யூதங்க எலி, ஜெர்மன்காரங்க பூனை. 1992-ல புலிட்சர் சிறப்பு விருது, கிராபிக் நாவலுக்கு அதுதான் முதல் தடவை. போலந்துக்காரங்கள பன்னியா வரைஞ்சது மட்டும் எனக்கு உறுத்துச்சு. மத்தபடி பத்துப் பக்கம் தாண்டினா எலி மூஞ்சியே மறந்துபோகுது

பிரியா (8.25): எலியா??

தினேஷ் (8.25): அந்த வீட்டுலயே இருக்கு. போன வாரம் அடுப்படியில பார்த்தேன், பூனை சைஸு

சரசு சித்தி (8.26): அய்யோ அரிசி டின்ன மூடினியா

தினேஷ் (8.26): அரிசிய அம்மா எடுத்துட்டு வந்துட்டாங்க அத்த

செல்வி பெரியம்மா (8.27): அது 16-ஆம் நாளுக்கு வாங்கி வச்ச அரிசி

தினேஷ் (8.27): கேட்டுச் சொல்றேன்

கயல் (8.33): நான் முடிக்கல. கேம்ப் பாகத்த விட என்னைப் பிடிச்சு உலுக்கினது, அந்த அப்பா நியூயார்க்ல வயசாகி இருக்குற பாகம்தான். ரோட்டுல கிடக்குற ஒயர் துண்டப் பொறுக்கி வச்சுக்குவாரு. வாடகை வீட்டுல கேஸுக்குத் தனியா காசு இல்லன்னு, தீக்குச்சிய மிச்சம் பிடிக்க அடுப்ப அணைக்காமலே விடுவாரு. தாத்தா சணல் கயித்தச் சுத்திச் சுத்தி டின்னுல போட்டு வைப்பாரே, ஒரு ஆணியத் தூக்கிப் போட விடமாட்டாரே. அத எல்லாரும் கஞ்சத்தனம்னு சொல்லிச் சிரிச்சோம். இந்தப் புத்தகத்தப் படிச்சதுக்கு அப்புறம் என்னால சிரிக்க முடியல. தாத்தாவும் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போய் வந்தவருதானே

செல்வி பெரியம்மா (8.35): ஆமா. 1943-ல புடிச்சிட்டுப் போனாங்க. 20 வயசு

கயல் (8.38): முதல் பாகம் முடியுற இடம்தான் தாங்கல. செத்துப்போன அம்மா எழுதி வச்ச நோட்ட எல்லாம் அப்பாவே எரிச்சிட்டாருன்னு பையனுக்குத் தெரியவரும். "கொலைகாரன்"னு சொல்லிட்டு வெளிய நடந்து போவான். எழுதினத எரிக்கிறது அப்படிப்பட்ட காரியம்தான் மாமா. பேப்பர் லாமாவுக்குப் போடுறதும் எனக்கு அப்படித்தான் தெரியுது

மணி மாமா (8.40): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மணி மாமா (8.41): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரசு சித்தி (8.58): கயலு அந்தப் பேச்ச ஏம்மா இப்ப எடுத்த

கயல் (8.58): எந்தப் பேச்சு சித்தி?

செல்வி பெரியம்மா (9.03): அவளுக்கு எப்படித் தெரியும். 1984. ராஜா எஸ்பிஎம் பரீட்சையில மலாய் போயி சர்டிபிகேட் கிடைக்கல. கொல்லையில வச்சு அவன் காமிக்ஸ் எல்லாத்தையும் எரிச்சது மணி. மூணு நாள் அவன் சாப்பிடல

கயல் (9.04): மாமா சத்தியமா எனக்குத் தெரியாது

மணி மாமா (9.09): அப்பா எரிக்கச் சொன்னாரு. நான் தீப்பெட்டி எடுத்துக் குடுத்தேன்

செல்வி பெரியம்மா (9.10): அப்பா அன்னிக்கு ஊர்லயே இல்ல தம்பி

பிரியா (9.11): அம்மா விடுங்க

பிரியா (9.14): ராஜா மாமா என்னை சௌரஸ்தா மார்க்கெட்டு மாடிக்குக் கூட்டிட்டுப் போவாரு. பழைய புத்தகக் கடை. எனக்கு அங்கதான் நம்ம கார்ட்டூன்காரர் லாட்டோட கம்போங் பாய் வாங்கிக் குடுத்தாரு

கயல் (9.22): அது 1979-ல வந்தது அக்கா, பெட்டில இருக்கு. ரெண்டாவது புத்தகத்தச் சொல்றேன், சோனி லியூவோட 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்'. அவரு சிரம்பான்ல பிறந்தவரு, சிங்கப்பூர்ல இருக்காரு. சார்லி சான் ஹாக் சாய்னு ஒரு பழைய ஓவியரோட வாழ்க்கை வரலாறு. ஆனா அப்படி ஒரு ஆளே கிடையாது! அந்த ஆள் வருஷ வருஷமா வரைஞ்சதா காட்டுற பக்கமெல்லாம், ஒவ்வொரு காலத்துப் பாணியிலயும் இவரே வரைஞ்சது. 2015-ல வந்தப்ப சிங்கப்பூர் கலை மன்றம் 8,000 டாலர் மானியத்த வேணாம்னு திருப்பி எடுத்துக்கிச்சு. 2017-ல அதே புத்தகத்துக்கு, காமிக்ஸுக்குன்னே குடுக்குற ஐஸ்னர் விருது 3. அந்தக் காலத்து சிங்கப்பூர் இடதுசாரித் தலைவர் லிம் சின் சியோங் யாருன்னு தெரியாம படிச்சா பாதி புரியாது. நான் அங்கங்க நிறுத்தித் தேடிப் பார்த்துத்தான் படிச்சேன். அந்த உழைப்பு தேவைதான். யாரும் வாங்காத பக்கத்த எல்லாம் ஒரு மனுஷன் கடைசி வரைக்கும் பத்திரமா வச்சிருக்காரு. எனக்கு மாமாவோட அலமாரிதான் கண்ணுல வந்துச்சு

தினேஷ் (9.23): இதெல்லாம் வித்தா என்ன கிடைக்கும்

கயல் (9.23): தினேஷ்

தினேஷ் (9.23): சும்மா கேட்டேன்

கயல் (9.29): மூணாவது படக்கதை இல்ல, நாவல். ஜென் சோவோட 'பிளாக் வாட்டர் சிஸ்டர்', 2021. நம்ம பினாங்லயே நடக்குது. அமெரிக்காவுலேருந்து திரும்பி வந்த பொண்ணோட தலைக்குள்ள செத்துப்போன பாட்டி வந்து பேசுது. பாட்டி சாமியாடி. ஒரு பணக்காரன் சின்னக் கோயிலுக்குக் கை வைக்கிறான், பாட்டி விடமாட்டேங்குது. முடிவு கொஞ்சம் அவசரம்னு பட்டுச்சு. ஆனா அந்தப் பாட்டி திட்டுறது இருக்கே, அப்படியே நம்ம பாட்டி. பேய்க்கதைன்னு எடுத்தேன். கடைசில, வீட்டுல வாயத் திறந்து சொல்லாத விஷயமெல்லாம் என்ன ஆகுதுங்குற கதையா இருந்துச்சு

சரசு சித்தி (9.30): ராத்திரியில பேய்க்கதை வேணாம்மா

கயல் (9.34): சரி சித்தி. இத மட்டும் பாருங்க. மௌஸ்ல, அப்பா டேப்புல பேசுற பக்கத்து ஓரத்துல பென்சில்ல இருந்துச்சு

கயல் (9.34): [படம்]

பிரியா (9.35): என்ன எழுதியிருக்கு, சரியா தெரியல

கயல் (9.35): "நான் அப்பாகிட்ட கேக்கல"

செல்வி பெரியம்மா (9.38): அவன் கையெழுத்துதான். கொம்ப இப்படித்தான் இழுத்து விடுவான்

சரசு சித்தி (9.39): அப்பா எங்க யார்கிட்டயும் சொன்னதில்லையே

செல்வி பெரியம்மா (9.44): என்கிட்ட ஒரே ஒரு வாட்டி சொன்னாரு. காலராவுல பக்கத்துல படுத்திருந்தவன் காலையில எந்திரிக்கலன்னு. தண்ணிய எப்பவும் கொதிக்க வைக்கச் சொல்லுவாரு இல்ல, அன்னிக்குத்தான் ஏன்னு புரிஞ்சுது. அதுக்கு மேல நானும் கேக்கல

கயல் (9.47): பெரியம்மா அத நீங்க எனக்குச் சொல்லணும். நான் ஃபோன்ல பதிவு பண்ணிக்கிறேன். அந்தப் பாதை 415 கிலோமீட்டர். நம்ம தோட்டத்து ஆளுங்க அங்க போய் அவ்வளவு பேரு செத்திருக்காங்க. அதுக்குத் தமிழ்ல இப்படி ஒரு படக்கதை என் கண்ணுல இன்னும் படல

செல்வி பெரியம்மா (9.48): காரியம் முடியட்டும்

மணி மாமா (10.02): பெட்டியில இரும்புக்கை மாயாவி இருக்கா

கயல் (10.03): இருக்கு மாமா! முத்து காமிக்ஸோட முதல் புத்தகமே அதுதான், 1972, சிவகாசி. நம்மகிட்ட இருக்குறது பின்னால வந்த மறுபதிப்பு. எரிஞ்சதையெல்லாம் ராஜா மாமா திரும்ப வாங்கிச் சேர்த்திருக்காரு போல

மணி மாமா (10.05): கரண்ட் பட்டா ஆளு மறைஞ்சிருவான். கை மட்டும் தெரியும்

கயல் (10.05): ஆமா மாமா

மணி மாமா (10.06): முதல்ல வாங்கினது நான்தான். அவனுக்குப் படிச்சுக் காட்டினதும் நான்தான். அவனுக்கு அப்ப எழுத்துக் கூட்டத் தெரியாது

சரசு சித்தி (10.07): தெரியும் அண்ணே

பிரியா (10.12): அப்ப லோரி?

மணி மாமா (10.13): ஃபோன எடுக்கமாட்டேங்குறான். காலையில பேசுறேன்

பிரியா (10.14): பெட்டி எங்க போகும்? எங்க வீட்டு மேல்மாடி சூடு, தாள் நொறுங்கிடும்

கயல் (10.15): என் வீட்டுல 2 பெட்டி வைக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் யாரு கொண்டு வர்றது? மலாயா பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில வாங்கிக்குவாங்களான்னு கேக்குறேன்

தினேஷ் (10.15): நான் அடுத்த மாசம் கேஎல் வருவேன்

கயல் (10.16): சாவி 31-ஆம் தேதிடா

மணி மாமா (10.18): மாயாவி இருக்குற பெட்டிய நாளைக்கே என் கார்ல ஏத்திடுறேன். மத்தது பாப்போம்

தினேஷ் (10.18): அப்பா, அம்மாகிட்ட கேட்டுட்டீங்களா

செல்வி பெரியம்மா (10.21): வாழை இலைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. அரிசிக்கும்