நெடுஞ்சாலை 536ல் நடக்கலாம் என்று போட்டதை நீக்கியது யார்?

ஊருணிக்கரை: திருமயம், காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போகும் 536க்கு யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் 'ஃபுட்=யெஸ்', அதாவது நடக்கலாம் என்ற குறிப்பு, போட்டு வைத்திருந்தேன். ஒருவர் மொத்தத்தையும் நீக்கிவிட்டு, "டிரங்க் சாலைக்கு நாட்டு விதியே போதும், இது குப்பை" என்று எழுதியிருக்கிறார். டிரங்க் என்றால் வரைபடத்தில் முக்கிய நெடுஞ்சாலை வகை. என் உழைப்பு குப்பையா? டிரங்க் என்று கண்டாலே நடப்பவரை வேறு பக்கம் திருப்பிவிடும் வழிகாட்டி மென்பொருள்கள் இருக்கின்றன.

கணக்கப்பிள்ளை: நீக்கியது நான்தான். இந்தியாவில் நெடுஞ்சாலையில் நடக்கலாம் என்பதை யார் மறுத்தது? நாட்டின் எல்லை வரைபடத்திலேயே இருக்கிறது, மென்பொருள் அதைப் பார்த்து எந்த நாட்டு விதி என்று தெரிந்துகொள்ளட்டும். விதிவிலக்கை மட்டும் எழுதுங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் பைக், ஆட்டோ, டிராக்டருக்குத் தடை. அது எழுத வேண்டியது.

ஊருணிக்கரை: மென்பொருள் பார்க்கவில்லை என்பதால்தான் எழுதினேன். ஜெர்மனியில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாத வண்டிகளும் நடப்பவர்களும் ஏறக் கூடாத சாலைகள் உண்டு. அவர்களே அதற்கு 'மோட்டார்ரோடு=யெஸ்' என்று தனியாகப் போடுகிறார்கள். அங்கே எழுதினால் ஒழுங்கு, செட்டிநாட்டில் எழுதினால் குப்பையா? தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற சனங்களுக்கு என்ன வழி காட்டுவீர்கள்?

ஆத்தங்குடியான்: அண்ணே, பழனி நடை குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழி. 536 எங்கே வந்தது?

ஊருணிக்கரை: தேவகோட்டைப் பக்கத்திலிருந்து குன்றக்குடிக்கு வருகிறவர்கள் பறந்தா வருகிறார்கள் தம்பி?

ஆத்தங்குடியான்: பறந்து வரவில்லை, சரி. ஆனால் 536 பழனிப் பாதை இல்லை.

கணக்கப்பிள்ளை: அதேதான். பழனியை இழுத்தால் எல்லாரும் வாயை மூடிவிடுவார்கள் என்று நினைக்கிறார்.

ஊருணிக்கரை: பழனி வேண்டாம், விடுங்கள். பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை, ஆடு ஓட்டுகிறவர் என்று தினமும் அந்தச் சாலையோரம்தான் நடக்கிறார்கள். தரையில் இருப்பதை எழுது என்பதுதான் இந்த வரைபடத்தின் அடிப்படை. 'ஃபுட்=யெஸ்' எழுதினால் யாருக்கு என்ன நட்டம்? இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

கணக்கப்பிள்ளை: இன்றைக்கு நடப்பவர், நாளைக்கு சைக்கிள், அப்புறம் மாட்டுவண்டி. ஒவ்வொரு துண்டுச் சாலைக்கும் பத்து வரி எழுதுவீர்களா? விதி மாறினால் அத்தனையையும் யார் திருத்துவது? நீங்களா? வறண்ட ஊருணியை விளையாட்டு மைதானம் என்று போட்டவர்தானே நீங்கள்.

ஊருணிக்கரை: பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள்! கானாடுகாத்தானில் வீடுகளுக்குப் பின்னால் போகும் சந்துக்கு 'ப்ரைவேட்' போட்டது யார்? நீங்கள். அது பொதுச் சந்து.

கணக்கப்பிள்ளை: வீட்டுக்காரரே வேலி போட்டிருக்கிறார்.

பள்ளத்தூர்வாசி: வேலி போட்டால் சொந்தமாகிவிடுமா? பேரூராட்சியில் கேட்டீர்களா?

கணக்கப்பிள்ளை: நீங்கள் கேட்டீர்களா?

ஊருணிக்கரை: சந்து விஷயத்தை அப்புறம் பார்ப்போம். 536க்கு 'ஃபுட்=யெஸ்' திரும்பப் போட்டாயிற்று.

கணக்கப்பிள்ளை: பார்த்தேன். நீக்கியாயிற்று.