பேரோலா, கன்சல்டன்டா: இரண்டு வழியிலும் வேலை பார்த்த அனுபவம்

2023 ஏப்ரலில் சென்னையில் ஒரு மென்பொருள் திட்டத்தில் டெஸ்டராக ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். ஆளெடுத்துக் கொடுத்த நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம் என்று பேசி, அதை வாங்கிக்கொள்ள இரண்டு வழிகளைச் சொன்னது. அவர்களுடைய பேரோலில் ஊழியராகச் சேர்ந்தால், நிறுவனத்தின் பிஎஃப் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, காப்பீடு எல்லாம் அந்த 12 லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வருமான வரியும் போக மாதம் சுமார் 87,000 ரூபாய் கைக்கு வரும். கன்சல்டன்டாக மாதாமாதம் பில் கொடுத்தால், ஒரு லட்சத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி, பிடித்துக்கொண்டு 90,000 ரூபாய் தருவார்கள். மூவாயிரம் கூடுதலாக வருகிறது, பிடித்த பத்தாயிரத்தோடு வரி விஷயமும் முடிந்தது என்று எண்ணி இரண்டாவது வழியை எடுத்தேன். அந்தக் கணக்குப் போட்ட விதமே தவறு என்பது ஆடிட்டரிடம் போன பிறகுதான் புரிந்தது.

"பிடிச்ச பத்தாயிரம் உன் வரி இல்லம்மா. கவர்ன்மென்ட்ல உன் பேர்ல கட்டி வைக்கிற முன்பணம். கடைசியில உன் வரி அதுக்குக் கூடவும் இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் போகலாம்" என்றார். நான் செய்யும் வேலை என்ன என்பதைத்தான் முதலில் துருவிக் கேட்டார். ஏனென்றால், வரியைக் குறைக்க அவர் நினைத்த வழி வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு; அது எல்லா ஃப்ரீலான்சருக்கும் உரியதல்ல. சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்அலங்காரம் ஆகியவற்றோடு, பின்னர் அறிவிக்கை மூலம் சேர்த்த தகவல் தொழில்நுட்பம் போன்ற சில தொழில்களுக்கே பொருந்தும். அந்தப் பிரிவின்கீழ், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை), செலவுக்கு ரசீது காட்டாமலே வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். பாதிக்கும் குறைவாகக் காட்ட விரும்பினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவைப்படும். என் 12 லட்சம் இப்படி 6 லட்சமாயிற்று. அந்த ஆண்டு புதிய வரிமுறையில் 7 லட்சம் வரை வரி இல்லை என்பதால், பிடித்த 1,20,000 ரூபாயும் எனக்குத் திரும்ப வரவேண்டியதாயிற்று.

ஆனால் 2024 ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்து என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பார்த்தபோது, 194ஜேபி என்ற பிரிவின் (தொழில்முறைக் கட்டணம்) எதிரே ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது பதிவுகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் 10,000. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் இல்லவே இல்லை. அந்த மூன்று மாதங்களிலும் 90,000 மட்டுமே வங்கிக்கு வந்ததை ஸ்டேட்மென்டில் விரல் வைத்துப் பார்த்தேன். என்னிடம் பிடித்த 30,000 ரூபாயைக் கட்டவேண்டிய தேதி மார்ச்சுக்கு ஏப்ரல் 30; அந்தக் காலாண்டுக்கு நிறுவனம் தரவேண்டிய டிடிஎஸ் அறிக்கைக்கு மே 31. இரண்டும் கடந்திருந்தன. மனிதவளப் பிரிவில் கேட்டால் "ஃபைனான்ஸ்ல பாத்துட்டு இருக்காங்க மேடம்" என்ற ஒரே பதில்தான் மூன்று வாரம் வந்தது.

ஆடிட்டரின் யோசனைப்படி முழுத் தொகையையும் கேட்டே ரிட்டர்ன் தாக்கல் செய்தேன். எதிர்பார்த்தபடி 90,000 மட்டுமே திரும்பி வந்தது. அதற்குள் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். மூன்று மாத பில்கள், வங்கி வரவு இரண்டையும் இணைத்து, பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் மாதம் ஒன்றரை சதவீத வட்டி, அறிக்கை தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், 276பி பிரிவின்படி வழக்குக்கும் இடமுண்டு என்பதை மட்டும் எழுதினேன். கோபமாக ஒரு சொல்லும் எழுதவில்லை. அக்டோபரில் அந்த மூன்று மாதப் பதிவுகளும் 26ஏஎஸ்-இல் ஏறின. அதன்பின் 154ஆம் பிரிவில் திருத்தம் கோரி, மீதித் தொகையைப் பெற்றேன். இவ்வளவுக்கும், ஒருவரிடம் பிடித்த வரியை அவரிடமே மீண்டும் கேட்கக்கூடாது என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, பணத்தைக் கைக்குக் கொண்டுவந்து தருவதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் 26ஏஎஸ் பார்க்காமல் நான் இருந்ததில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒரு தோழிக்கு வேறு விதமான சிக்கல். அவரும் கன்சல்டன்ட்தான், ஆனால் நிறுவனம் அவருடைய வரியை 92பி, அதாவது சம்பளம், என்று பதிந்திருந்தது. வருமான வரித்துறையின் பார்வையில் அவர் ஊழியர். ஆகவே 44ஏடிஏ-வில் காட்டியது பொருந்தாமல் போனது. இதை நாம் சரிசெய்ய முடியாது. நிறுவனம்தான் திருத்த அறிக்கை போடவேண்டும்.

வீட்டுக்கடன் கேட்டுப் போனபோது இன்னொன்று தெரிந்தது. வங்கி அதிகாரி என் பில்களைப் பார்க்கவே இல்லை. ரிட்டர்னில் உள்ள 6 லட்சத்தை வைத்தே கடன் தகுதியைக் கணக்கிட்டார். 12 லட்சம் சம்பாதித்தும் பாதி வருமானக்காரிக்கு உரிய கடன்தான் எனக்குக் கிடைக்கும் என்றார். அதே ஆண்டு இறுதியில் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகப் பதினோரு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பதினோரு நாளும் பில்லிலிருந்து கழிந்தது. மருத்துவமனைச் செலவும் முழுக்க என் கையிலிருந்துதான்.

2025 ஏப்ரலில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது நான் பேரோலுக்கு மாறினேன். அந்த நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) உண்டு. என் அளவு வருமானத்தில் கன்சல்டன்டுக்கு இருந்த வரி ஆதாயம் அத்தோடு போய்விட்டது. 20 லட்சம் வாங்குபவருக்கு நிலைமை வேறு: சம்பளமென்றால் 1.9 லட்சத்துக்கு மேல் வரி வரும். 44ஏடிஏ-வில் வருமானம் 10 லட்சமாகி வரியே இராது. ஆனால் வரவு 20 லட்சத்தைத் தாண்டிவிட்டால் ஜிஎஸ்டி பதிவும் எடுக்கவேண்டும்.

நான் சொன்ன பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இப்போது என் சம்பளச் சீட்டில் வருமான வரி என்ற இடத்தில் பூஜ்யம். அதற்கு மேலே பிஎஃப் 1,800. நிறுவனம் தன் பங்கையும் சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு மாதமும் பிஎஃப் பாஸ்புக்கில் பார்த்துவிடுகிறேன்.